உண்மையா, பொய்யா, இன்னும் தெரியாதா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் வளரும் ஒன்பது வயதுப் பிள்ளையின் காதில் ஒரு நாளில் என்னென்ன விழுகிறது என்று கவனித்துப் பாருங்கள். காலையில் பள்ளி வேனில் ஒரு கதை. வகுப்பில் ஆசிரியர் சொல்வது. மாலையில் ஒட்டுக்கடையில் பெரியவர்கள் பேசிக்கொள்வது. இரவில் பாட்டியின் புலனத்துக்கு (வாட்ஸ்அப்) யாரோ அனுப்பிய குரல்பதிவு. இடையிடையே டிக்டாக். மலாயா 1957இல் சுதந்திரம் பெற்றது என்று சொல்பவரும், பப்பாளி இலைச்சாறு குடித்தால் டெங்கி ஓடிவிடும் என்று சொல்பவரும் ஒரே தொனியில், ஒரே உறுதியோடுதான் சொல்கிறார்கள். தொனியை வைத்துப் பிள்ளையால் எதையும் பிரிக்க முடியாது.

பள்ளியில் உயர்நிலைச் சிந்தனைத் திறன் என்று கேள்விகள் கேட்கிறார்கள், பயிற்சி நூலில் அதற்கென்று பக்கங்களும் உண்டு. நல்லதுதான். ஆனால் கேட்டதை அப்படியே விழுங்காமல் பார்க்கும் பழக்கம் வீட்டுப் பேச்சில்தான் ஊறும். பெற்றோர், தாத்தா பாட்டி, மாலை வகுப்பு நடத்துபவர்கள் என யார் வேண்டுமானாலும் அதைச் சொல்லித்தரலாம். பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்ற ஒரு கேள்வியைச் சண்டைக்கு இழுக்காத குரலில் கேட்கத் தெரிந்தால் போதும்.

எதைச் சோதிக்கலாம்?

எல்லா வாக்கியத்தையும் உண்மை, பொய் என்று பிரிக்க முடியாது. "கதவைச் சாத்து" என்பது கட்டளை. "திருவிழா எப்போ?" என்பது கேள்வி. "நாளைக்கு மழை பெய்யாமல் இருக்கணும்" என்பது ஆசை. "தாமான் (குடியிருப்பு) பின்னால் இருக்கும் கால்வாயில் நேற்று ஓர் உடும்பு வந்தது" என்பது கூற்று. உடும்பு ஒன்று வந்திருக்கும், இல்லையென்றால் வந்திருக்காது. நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், நமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அது மாறப்போவதில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு இது புதிய செய்தி. சத்தமாகச் சொல்பவர் பக்கமே உண்மை இருக்கும் என்று அவர்களில் பலர் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து, கருத்து. "நாசி லெமாவைவிட தோசைதான் ருசி" என்று ஒருவர் சொன்னால் அதைச் சோதிக்க ஒன்றுமில்லை, அது அவருடைய நாக்கு. சிக்கல் எங்கே வருகிறது என்றால், கருத்து தகவலின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும்போது. "நம்ம பள்ளிதான் மாவட்டத்திலேயே சிறந்த பள்ளி" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். "எதில் சிறந்தது?" என்று கேட்டால்தான் வாக்கியம் இறங்கி வரும். "போன வருஷம் மாவட்டக் குறுக்கோட்டத்தில் நம்ம பள்ளி முதலிடம்" என்று பதில் வந்தால், அதைச் சரிபார்க்கலாம். "எல்லாத்திலயும்" என்று வந்தால், அது பாசம். பாசம் தவறில்லை, ஆனால் அது தகவலும் இல்லை.

இந்தப் பிரிப்பு பெரிய பிள்ளைகளுக்கே கடினம். 15 வயது மாணவர்களுக்காகப் பல நாடுகளில் நடத்தப்படும் பீசா தேர்வின் 2018ஆம் ஆண்டு முடிவுகளில், பொருளாதாரத்தில் முன்னேறிய ஓஇசிடி நாடுகளிலேயே பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களால்தான் மறைமுகமான குறிப்புகளை வைத்துத் தகவலையும் கருத்தையும் சரியாகப் பிரிக்க முடிந்தது. அதனால் உங்கள் பிள்ளை திணறினால் கவலைப்பட வேண்டாம். நாளிதழில் ஒரு பத்தியை எடுத்து, தகவலுக்கு ஒரு நிறத்திலும் கருத்துக்கு இன்னொரு நிறத்திலும் கோடு போடச் சொல்லுங்கள். எந்த நிறம் என்று வீட்டில் ஒரு வாக்குவாதம் வரும். வரட்டும், அந்த வாக்குவாதம்தான் பாடம்.

சில கூற்றுகள் மூட்டையாக வரும். அவிழ்த்துப் பார்க்க வேண்டும். எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒருமுறையாவது கேட்டிருக்கும் வாக்கியம்: "அவசரகாலம் நம்ம ஊர்லதான் ஆரம்பிச்சது." இதற்குள் எத்தனை கூற்றுகள் இருக்கின்றன? 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் அருகே எல்பில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலுமாக மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இது பதிவான செய்தி. அதையடுத்து, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க அன்றைய பிரிட்டிஷ் அரசு அவசரகாலத்தை அறிவித்தது. இதுவும் பதிவில் உண்டு. "ஆரம்பிச்சது" என்பதுதான் இடறுகிறது. வேலைநிறுத்தங்களும் மோதல்களும் அதற்கு முன்பே மலாயாவின் பல இடங்களில் இருந்தன. ஆக, முதல் இரண்டு துண்டும் உண்மை. மூன்றாவது துண்டு, "ஆரம்பம்" என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. இப்படி ஒருமுறை அவிழ்த்துக் காட்டினால், "பாதி உண்மை" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல், எந்தப் பாதி என்று பிள்ளை தேட ஆரம்பிக்கும்.

பார்த்தாயா, யோசித்தாயா, கேட்டாயா?

ஒன்றை நாம் அறிவதற்குக் காட்சி, கருதல், உரை என்று மூன்று வழிகளைச் சைவ சித்தாந்தம் சொல்கிறது. அளவை என்ற பெயரில் நம் பெரியவர்கள் நூற்றாண்டுகளாக விவாதித்துவந்த விஷயம் இது. இதைவிட எளிய சட்டகம் பிள்ளைகளுக்குக் கிடைக்காது என்பது என் எண்ணம். நேரில் பார்த்தது காட்சி. மலைப்பக்கம் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு இருக்கும் என்று முடிவுக்கு வருவது கருதல். அடுத்தவர் சொல்லித் தெரிந்துகொள்வது உரை. பிள்ளை ஏதாவது சொன்னதும், "பார்த்தியா, யோசிச்சுக் கண்டுபிடிச்சியா, யாராவது சொன்னாங்களா?" என்று கேளுங்கள். ஒரு வாரம் விளையாட்டாகக் கேட்டுப் பாருங்கள், அதற்குப் பிறகு பிள்ளைகள் உங்களையே திருப்பிக் கேட்பார்கள்.

காட்சியும் ஏமாற்றும். பௌர்ணமியன்று செம்பனை (எண்ணெய்ப்பனை) மரங்களுக்கு மேல் நிலா எழும்போது பெரிய தட்டு மாதிரித் தெரியும். உச்சிக்கு வந்ததும் சின்னதாகிவிட்டது போல் இருக்கும். கையை நீட்டிச் சுண்டுவிரல் நகத்தால் இரண்டு நேரமும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அளவு ஒன்றுதான். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று சும்மா சொல்லவில்லை.

கருதல் இன்னும் நுட்பமானது. பால்மரக் (ரப்பர்) காட்டு வழியாகப் பள்ளிக்குப் போகும் பிள்ளை, மரத்தில் பால் பிடிக்கும் கோப்பைகள் காலியாக இருப்பதைப் பார்க்கிறது. "ராத்திரி மழை, மரம் ஈரம், அதான் இன்னிக்கு வெட்டல" என்று சொல்கிறது. நல்ல யோசனை. பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்டுக்கோட்டில் வழியாமல் பட்டையெங்கும் பரவி வீணாகும். ஆனால் வேறு காரணமும் இருக்கலாமே? ஒரே மரத்தைத் தினமும் வெட்டுவதில்லை, ஒருநாள் விட்டு ஒருநாளோ இன்னும் இடைவெளி விட்டோதான் வெட்டுவார்கள். இன்று அந்த வரிசைக்கு ஓய்வு நாளாக இருக்கலாம். அல்லது ஆள் வராமல் இருந்திருக்கலாம். கருதல் என்று வந்துவிட்டால் உடனே கேட்க வேண்டிய துணைக்கேள்வி, "வேற ஏதாவது காரணம் இருக்க முடியுமா?" என்பது. இரண்டு காரணங்களுக்கு நடுவே எப்படி முடிவு செய்வது என்று அடுத்துக் கேளுங்கள். "பட்டையைத் தொட்டுப் பார்க்கலாம்", "பக்கத்து வரிசையில வெட்டியிருக்காங்களான்னு பார்க்கலாம்" என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

உரைக்கு வருவோம். இதைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. "யார் சொன்னாலும் நம்பாதே" என்று சொல்லித்தந்தால் பிள்ளை புத்திசாலியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆகாது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதும், நம் தாத்தாவின் தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்பதும், ஏன், நம் பிறந்த தேதியும்கூட நமக்கு உரையாகத்தான் வந்து சேர்ந்தன. எதையுமே நம்பாத பிள்ளை எதையுமே கற்க முடியாது. போகப் போக, எல்லாரும் பொய்தான் சொல்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்து, தனக்குப் பிடித்ததை மட்டும் நம்ப ஆரம்பிக்கும். அது மூடநம்பிக்கையைவிட மோசமான இடம்.

நல்ல செய்தி என்னவென்றால், யாரை நம்பலாம் என்று எடைபோடும் திறனின் விதை பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. மெலிசா கோனிக், ஃபாப்ரிஸ் கிளெமாங், பால் ஹாரிஸ் ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் முன்பு பொருள்களின் பெயரைச் சரியாகச் சொன்னவரையும் தவறாகச் சொன்னவரையும் நினைவில் வைத்துக்கொண்டு, புதிய பொருளின் பெயருக்குச் சரியாகச் சொன்னவரையே நம்பினார்கள். அந்தத் திறனைக் கொஞ்சம் கூர்மையாக்குவதுதான் நம் வேலை. சொல்கிறவருக்கு இது தெரிய வாய்ப்பு இருந்ததா, இதைச் சொல்வதால் அவருக்கு ஏதாவது லாபம் உண்டா, அவரைக் கேட்டுச் சொல்லாத வேறொருவரும் இதையே சொல்கிறாரா என்று கேட்கப் பழக்கினால் போதும்.

ஓர் எடுத்துக்காட்டு. "தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், நாங்க மாசா மாசம் காசு கட்டி, தொழிலாளிங்க காசிலேயே தோட்டம் வாங்கினோம்" என்று தாத்தா சொல்கிறார். பேரனுக்குப் பெருமைக்குச் சொல்வது போல் தோன்றலாம். தாத்தா அந்தக் காலத்தில் தோட்டத்தில் வேலை செய்தவர், எனவே தெரிய வாய்ப்பு உண்டு. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் முன்னின்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டதும், தொழிலாளர்கள் அதில் பங்கு வாங்கியதும் வரலாற்றில் பதிவாகியிருக்கின்றன. பீரோவுக்குள் பழைய பங்குப் பத்திரம் இருந்தால் இன்னும் நல்லது. ஆள், பதிவு, காகிதம் என மூன்று பக்கத்திலிருந்தும் ஒரே பதில் வருகிறது. சரிபார்த்த பிறகு தாத்தாவின் மேல் மதிப்பு கூடுகிறதே தவிர, குறைவதில்லை.

பக்கத்து ஊரான கோலகங்சாரில், மாவட்ட அலுவலகத்தை ஒட்டி ஒரு முதிய ரப்பர் மரம் நிற்கிறது. "மலேசியாவின் முதல் ரப்பர் மரம்" என்று பலர் சொல்வார்கள். 1877இல், ஹியூ லோ பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தபோது அங்கே நடப்பட்ட கன்றுகளில் ஒன்று அது என்கிறது வரலாறு. கவனியுங்கள், "கன்றுகளில் ஒன்று". ஒன்றுக்கும் மேற்பட்ட கன்றுகளை நட்டார்கள், அதே ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவிலும் நட்டார்கள். ஆகவே "முதல் மரம்" என்பதைவிட "முதலில் நட்ட மரங்களில் ஒன்று" என்பதே சரி. முதல், மிகப்பெரிய, ஒரே, எல்லாரும், ஒருபோதும் போன்ற சொற்கள் வந்தாலே காதைத் தீட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். சுற்றுலாவுக்கு அழைத்துப்போனால் மரத்தையும் பலகையையும் காட்டி இந்தப் பேச்சைத் தொடங்கலாம்.

மூன்றாவது பதில்

பிள்ளைகளுக்குத் தேர்வுத்தாளில் சரி, பிழை என்று இரண்டு பெட்டிகள்தான் தெரியும். மூன்றாவது பெட்டி ஒன்று வேண்டும்: இன்னும் தெரியாது. இதைச் சொல்லப் பெரியவர்களே கூச்சப்படுகிறோம். பிள்ளை ஒன்றைக் கேட்டு, நமக்குத் தெரியாவிட்டால், "தெரியலையே, வா பார்ப்போம்" என்று சொல்வதற்கு முன் வாய் எதையாவது உளறிவிடுகிறது. தெரியாது என்று சொல்லும் அப்பாவைப் பார்த்துத்தான் தெரியாது என்று சொல்லப் பிள்ளை கற்றுக்கொள்ளும். அந்தப் பதிலுக்கு ஒரு வால் மட்டும் வேண்டும்: தெரிந்துகொள்ள என்ன செய்யலாம்?

ஆந்தைக் கணக்கு

இப்போது கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம். தோட்டப்புறத்தில் வளர்ந்த எல்லாருக்கும் தெரிந்த கூற்று, "ஆந்தை அலறினால் சாவு விழும்." "போன மாசம் அலறுச்சு, மறுநாளே கடைசி வீட்டுத் தாத்தா போயிட்டாரு" என்று சாட்சியும் சொல்வார்கள். சாட்சி பொய் சொல்லவில்லை. ஆந்தை அலறியது உண்மை, தாத்தா போனதும் உண்மை. அப்படியானால் கூற்று உண்மையா?

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். முதல் கட்டம்: ஆந்தை அலறியது, சாவு விழுந்தது. இரண்டாவது: அலறியது, சாவு இல்லை. மூன்றாவது: அலறவில்லை, ஆனாலும் சாவு. நான்காவது: அலறவும் இல்லை, சாவும் இல்லை. நம் நினைவில் தங்குவது முதல் கட்டம் மட்டும்தான். ஆந்தை கத்திவிட்டுப் போன, மறுநாள் ஒன்றும் நடக்காத இரவை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்? ஒரு மாதத்துக்கு நாள்காட்டியில் ஒவ்வோர் இரவையும் குறிக்கச் சொல்லுங்கள். செம்பனைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இரண்டாவது கட்டம் மளமளவென்று நிறையும், ஏனென்றால் அங்கே ஆந்தை அலறுவது அன்றாடம். பிறகு கேளுங்கள்: அலறிய இரவுகளுக்குப் பிறகு சாவு அதிகமா, அலறாத இரவுகளுக்குப் பிறகு அதிகமா? இதற்கு நான்கு கட்டமும் தேவை. ஒரு கட்டத்தை வைத்து ஒப்பிட முடியாது.

ஏன் அன்றாடம் அலறுகிறது? அதற்கும் பதில் தோட்டத்திலேயே இருக்கிறது. செம்பனைக் குலைகளை எலிகள் தின்று பாழாக்குகின்றன. அதனால் மலேசியத் தோட்ட நிர்வாகங்கள் பல, கம்பத்தில் பெட்டிக்கூடு வைத்து, கூகை எனப்படும் வெளிறிய முக ஆந்தையைக் குடியமர்த்துகின்றன. தோட்டத்தில் அதன் உணவு பெரும்பாலும் எலிதான். எலியை அப்படியே விழுங்கி, செரிக்காத எலும்பையும் மயிரையும் ஓர் உருண்டையாகக் கக்கிவிடும். பெட்டிக்குக் கீழே தேடினால் கிடைக்கும். பெரியவர் கூட இருந்து, கையுறை போட்டு, குச்சியால் பிரித்துப் பார்த்தால் எலியின் சின்ன மண்டையோடும் பற்களும் இருக்கும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். "ஆந்தை எலி தின்கிறது" என்ற கூற்றுக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. பயந்து கல்லெறிந்த பறவை நம் தோட்டத்தில் வேலை செய்கிற பறவை என்று பிள்ளையே கண்டுபிடிக்கும்.

இந்த நான்கு கட்டத்தை வேறு எதற்கும் எடுத்துக்கொள்ளலாம். கனவு பலித்தது, பூனை குறுக்கே போனது, நீலப் பேனாவில் எழுதினால் நல்ல புள்ளி வருகிறது என எல்லாவற்றுக்கும் இதே தாள்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "மாரியம்மன் நம்மைப் பார்த்துக்கொள்வாள்" என்று பாட்டி சொல்வதை இந்தக் கட்டத்துக்குள் இழுக்காதீர்கள். அது பாட்டியின் பக்தி, இத்தனை நாளில் இது நடக்கும் என்று சொல்லும் கூற்று இல்லை. ஆனால் "இந்த அம்மன் படத்தை 11 பேருக்கு அனுப்பினால் நாளைக்குள் நல்ல சேதி வரும், அனுப்பாவிட்டால் கெடுதல்" என்று புலனத்தில் வருவது சோதிக்கக்கூடிய கூற்று. எண்ணிக்கை இருக்கிறது, கெடு இருக்கிறது. அனுப்பாமல் இருந்து பார்க்கலாம். பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு நாம் நினைப்பதைவிட வேகமாகப் புரியும்.

பப்பாளி இலையும் உகாண்டா பள்ளிகளும்

மருந்து பற்றிய கூற்றுகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். இதில் தவறினால் உயிரே போகலாம். "டெங்கி வந்தப்ப பப்பாளி இலைச்சாறு குடிச்சேன், தட்டணு ஏறிடுச்சு" என்று சொல்பவர் நம் எல்லாருடைய சொந்தத்திலும் ஒருவர் இருப்பார். அவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் டெங்கியில் சில நாள் இறங்கும் தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்), உடல் தேறத் தொடங்கியதும் தாமாகவே ஏறுகின்றன. குடித்தவருக்கும் ஏறும், குடிக்காதவருக்கும் ஏறும். ஆகவே குடித்த ஒருவரை மட்டும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. குடித்த பலரையும் குடிக்காத பலரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படி ஒப்பிட்டுப் பார்த்தும் இருக்கிறார்கள். மலேசியாவில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு, சாறு குடித்தவர்களுக்குத் தட்டணுக்கள் வேகமாக ஏறியதாகச் சொன்னது. "அப்போ உண்மைதானே?" என்று பிள்ளை கேட்கும். இங்கேதான் மூட்டையை அவிழ்க்கும் பாடம் உதவும். "சாறு தட்டணுவை ஏற்றும்" என்பது ஒரு கூற்று. "சாறு டெங்கியைக் குணப்படுத்தும்" என்பது வேறொரு கூற்று. டெங்கியில் உயிரை எடுக்கும் பெரிய ஆபத்து, ரத்தக்குழாய்களிலிருந்து நீர்மம் கசிந்து உடல் அதிர்ச்சி நிலைக்குப் போவது. தட்டணு எண்ணிக்கை ஏறினால் அந்த ஆபத்தும் போய்விடும் என்று பொருளில்லை. முதல் கூற்றுக்குக் கொஞ்சம் ஆதரவு இருக்கிறது என்பதால் இரண்டாவது கூற்று உண்மையாகிவிடாது. காய்ச்சல் இறங்கும் நேரத்தில் கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அசாதாரணச் சோர்வு இருந்தால், சாறு குடித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பாட்டியோடு வீட்டில் தனியாக இருப்பது பல நேரம் பிள்ளைதான்.

இவ்வளவு நுணுக்கம் பத்து வயதுக்கு எட்டுமா என்று சந்தேகம் வருவது நியாயம். உகாண்டாவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2016இல் 120 தொடக்கப்பள்ளிகளில், பெரும்பாலும் 10 முதல் 12 வயதுள்ள 10,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு அது. பாதிப் பள்ளிகளில் "இந்த மருந்து குணப்படுத்தும்" என்பது போன்ற கூற்றுகளை எடைபோடுவதற்குப் படக்கதை வழியாகப் பாடம் நடத்தினார்கள், மறுபாதியில் வழக்கமான பாடம் மட்டும். பிறகு இரு பக்கத்துக்கும் ஒரே தேர்வு. பாடம் படித்த பிள்ளைகளில் 69 விழுக்காட்டினர் தேர்ச்சி பெற்றார்கள், மற்றவர்களில் 27 விழுக்காட்டினர். பெரிய வகுப்புகள், குறைந்த வசதி, கணினியும் இல்லை. அங்கே முடிந்தது நம் தமிழ்ப்பள்ளிகளில் ஏன் முடியாது? பாடத்தின் மையம் எளிமையானதுதான்: யாரோ ஒருவருக்குக் குணமானது என்பது சான்று இல்லை, பழங்கால மருந்து என்பதாலோ விலை உயர்ந்தது என்பதாலோ அது நல்லதாகிவிடாது, ஒப்பிட்டுப் பார்த்தார்களா என்று கேள். அந்த ஆய்வே இரு பக்கத்தையும் ஒப்பிட்டுத்தான் முடிவு சொல்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

கைப்பேசியில் வருவது

ஒரே செய்தி நான்கு குழுக்களிலிருந்து வந்தால் அது உண்மை மாதிரித் தோன்றும். இந்த உணர்வு கைப்பேசிக்கு முந்தியது. 1977இல் ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டொப்பினோ என்ற மூன்று ஆய்வாளர்கள், அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் சில கூற்றுகளை இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை மதிப்பிடச் சொன்னார்கள். திரும்பத் திரும்ப வந்த கூற்றுகள், உண்மையோ பொய்யோ, ஒவ்வொரு முறையும் கூடுதல் உண்மையாகத் தோன்றின. "நாலு பேர் அனுப்பினாங்க" என்று பிள்ளை சொன்னால், அந்த நாலு பேரும் ஒரே இடத்திலிருந்து எடுத்தார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சரிபார்ப்பது எப்படி? சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், வரலாற்றுப் பேராசிரியர்களிலும் பல்கலைக்கழக மாணவர்களிலும் பலர் ஒரு வலைப்பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்துப் பார்த்து ஏமாந்தார்கள். தகவல் சரிபார்ப்பையே தொழிலாகச் செய்பவர்கள் பக்கத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வெளியேறி, இந்த நிறுவனத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று வேறு பக்கங்களில் தேடினார்கள். அதனால் சீக்கிரமாகவும் சரியாகவும் முடிவுக்கு வந்தார்கள். நம் பிள்ளைக்கும் அதே வழிதான். செய்தியை உற்று உற்றுப் பார்ப்பதை விட்டுவிட்டு வெளியே போய்த் தேடட்டும். உதவித்தொகை என்று ஓர் இணைப்பு வந்தால், அதை அழுத்தாமல், அரசின் அதிகாரப் பக்கத்தைத் தானே தேடித் திறக்கட்டும். மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் 2017இல் தொடங்கிய செபெனார்ஞா தளத்தில், பரவிய வதந்திகளுக்கான மறுப்புகள் இருக்கின்றன. அரசு நடத்தும் தளம் என்பதால் அரசின் விளக்கம்தான் அங்கே கிடைக்கும், கூடவே ஒரு நாளிதழையும் பார்ப்பது நல்லது. வெள்ளப் படம், விபத்துப் படம் என்றால் கூகுள் லென்ஸில் போட்டு, அதே படம் முந்தைய ஆண்டுகளில் வந்திருக்கிறதா என்று பார்க்கலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு இது இரண்டு நிமிட வேலை.

"எதிர்த்துப் பேசுறியா?"

நம் வீடுகளில் உண்மையான தடை இதுதான். "எப்படித் தெரியும்?" என்று பிள்ளை பாட்டியிடம் கேட்டால் அது மரியாதைக் குறைவாகப் படுகிறது. கேள்வி தவறில்லை, கேட்கும் விதத்தைச் சொல்லித்தர வேண்டும். "அது பொய் பாட்டி" என்பதற்குப் பதில், "நீங்க நேர்ல பார்த்தீங்களா பாட்டி? என்ன ஆச்சு, சொல்லுங்க" என்று கேட்கலாம். "யாரு தாத்தா முதல்ல சொன்னது?" என்று கேட்கலாம். இப்படிக் கேட்டால் பெரியவர்கள் கோபப்படுவதில்லை, கதை சொல்ல உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்தக் கதையிலேயே அது காட்சியா உரையா என்று தெரிந்துவிடும். பெற்றோரும் பிள்ளை கேட்கும்போது வாயை அடைக்கக் கூடாது. வகுப்பில் மட்டும் கேள்வி கேள், வீட்டில் கேட்காதே என்று சொன்னால் பிள்ளை இரண்டு இடத்திலும் கேட்காது.

எந்த வயதில் எதைத் தொடங்குவது? பாலர்பள்ளிப் பிள்ளைக்குப் "பார்த்தியா, யாராவது சொன்னாங்களா?" போதும். ஆண்டு 1, 2 பிள்ளைகள் கூற்று, கருத்து, கேள்வி, கட்டளை என்று பிரித்து விளையாடுவார்கள். ஆண்டு 3, 4இல் மூன்றாவது பெட்டியும் ஆந்தைக் கட்டமும். மருந்துக் கூற்றுகளும் ஒப்பீடும் ஆண்டு 5, 6க்கு. கைப்பேசி கைக்கு வரும் வயது வீட்டுக்கு வீடு மாறும், வந்த அன்றே தேடிப் பார்க்கும் பழக்கமும் கூடவே வர வேண்டும்.

குடும்பப் புலனக் குழுவில் சித்தி அனுப்பியது தவறு என்று பிள்ளை கண்டுபிடித்தால் என்ன செய்வது? குழுவில் எல்லார் முன்னாலும் போட வேண்டாம். "சித்தி, இதைத் தேடிப் பார்த்தேன், பழைய படமாம், இந்தாங்க இணைப்பு" என்று தனியாக அனுப்பச் சொல்லுங்கள். சித்தி ஏற்காவிட்டால் விட்டுவிடலாம், பிள்ளை தன் பங்கைச் செய்துவிட்டது. மருந்து, பணம் பற்றிய செய்தியாக இருந்தால் மட்டும் பெற்றோர் தலையிட்டுச் சித்தியோடு பேச வேண்டும். இன்னொன்று, தேடிப் பார்த்தது உண்மையாக வந்தாலும் அதைப் பிள்ளை சொல்லட்டும். "சித்தி, பார்த்துட்டேன், நீங்க அனுப்பினது சரிதான்" என்ற செய்தியும் போனால்தான், பிள்ளை குற்றம் தேடவில்லை, சரிபார்க்கிறது என்று சித்திக்குப் புரியும். அதற்குப் பிறகு சித்தியே எதையாவது அனுப்புவதற்கு முன், "இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுடா" என்று பிள்ளையிடம் கேட்க ஆரம்பிப்பார்.